எதிருரைக்கு எத்தனை நாள்? நில வழக்குக்கும் வணிக வழக்குக்கும் விதி வேறா?

கேள்வி: காங்கயம் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். காங்கயத்துக்குத் தெற்கே உள்ள ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் இப்போது இரண்டு உரிமையியல் வழக்குகள் நடக்கின்றன. இரண்டிலும் நாங்கள் பிரதிவாதிகள், இரண்டிலும் எதிருரை (வழக்குக்குப் பிரதிவாதி எழுத்தில் தரும் பதில்) தாக்கல் செய்வது தள்ளிப்போயிருக்கிறது. ஆனால் அதன் விளைவு என்ன என்பதில் இரண்டு வழக்கறிஞர்களும் நேர் எதிராகப் பேசுகிறார்கள்.

முதல் வழக்கு என் அப்பா மீது பங்காளிகள் போட்டது. கிணற்றுப் பாத்தியமும், கிணற்றுக்குப் போகும் வண்டித்தடமும்தான் தகராறு. எங்களுக்குத் தடத்தில் உரிமை இல்லை என்று விளம்புகை (நீதிமன்ற அறிவிப்பு) கோரியும், நாங்கள் வண்டி ஓட்டக் கூடாது என்று உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) கோரியும் வழக்குப் போட்டிருக்கிறார்கள். சம்மன் ஆனி மாதக் கடைசியில் வந்தது. தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் தடத்தின் அகலமும் போக்கும் எழுதப்பட்டிருக்கின்றன என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மூலப் பத்திரம் வழக்குப் போட்ட பெரியப்பா வீட்டில் இருக்கிறது. பழைய சர்வே எண்ணை வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் எடுப்பதற்குள், அப்பாவுக்குக் கோவையில் இதய அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. இப்போது கார்த்திகை பிறந்துவிட்டது. எங்கள் வழக்கறிஞரைக் கேட்டால், "ஒரு மனுவைப் போட்டு வாங்கிக்கலாங்க, பயப்படாதீங்க" என்கிறார்.

இரண்டாவது, திருப்பூரில் பின்னலாடை தைத்துக் கொடுக்கும் என் மைத்துனர் மீதான வழக்கு. அவருக்குத் துணி விற்ற வியாபாரி, பதினொரு லட்ச ரூபாய் பாக்கி என்று வணிக வழக்காகப் போட்டிருக்கிறார். ஒரே லாட்டில் சாயம் இரண்டு விதமாக இருந்ததால்தான் மைத்துனர் பணத்தை நிறுத்தி வைத்தார். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய எதிருரையை அவருடைய வழக்கறிஞர் வாய்தா மேல் வாய்தாவாகத் தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் தாக்கல் செய்யப் போனபோது, 120 நாள் கடந்துவிட்டது, இனி ஏற்க முடியாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது.

ஒரே சட்டத்தின் கீழ் ஓரிடத்தில் பயப்பட வேண்டாம் என்பதும், இன்னோரிடத்தில் கதவைச் சாத்திவிடுவதும் எப்படிப் பொருந்தும்? 2024 ஜூலையில் சட்டங்களெல்லாம் மாறின என்றார்களே, அதனால் வந்த மாற்றமா இது? மைத்துனருக்கு இனி வழியே இல்லையா? அப்பாவின் வழக்கில் நாங்கள் உண்மையிலேயே நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: ஈரோடு வழக்கறிஞர்

உங்களுடைய இரண்டு வழக்கறிஞர்களும் சொன்னது சட்டப்படி சரிதான். ஆனால் முதலாமவர் சொன்ன தொனியில் நிம்மதிக்கு இடமில்லை என்பது என் கருத்து.

முதலில் 2024 ஜூலை பற்றிய குழப்பத்தை ஒதுக்கிவிடலாம். அன்று மாறியவை இந்திய தண்டனைச் சட்டமும், குற்றவியல் நடைமுறைச் சட்டமும், சாட்சியச் சட்டமும். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் அப்படியே இருக்கிறது. அந்த மூன்றில் உரிமையியல் வழக்குகளையும் தொடுவது சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியம் மட்டுமே. எதிருரைக்கான காலக்கெடுவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

காலக்கெடு மாறிய கதை அதற்கு முந்தையது. 2002க்கு முன் எதிருரையை முதல் விசாரணை நாளிலோ, நீதிமன்றம் அனுமதிக்கும் காலத்துக்குள்ளோ தாக்கல் செய்யலாம் என்றுதான் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 8, விதி 1 சொன்னது. 'அனுமதிக்கும் காலம்' ஆண்டுக்கணக்கில் நீண்ட வழக்குகளை இங்கே பலர் பார்த்திருப்பார்கள். 1999ஆம் ஆண்டுத் திருத்தம் அதைச் சம்மன் சார்வு செய்யப்பட்ட (முறைப்படி ஒப்படைக்கப்பட்ட) நாளிலிருந்து 30 நாள் என்று ஒரேயடியாகக் குறுக்கியது. அதற்கு வழக்கறிஞர்களிடையே நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்ததால், 2002ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கெடுவைக் கொஞ்சம் தளர்த்தி, காரணத்தை எழுத்தில் பதிவு செய்து 90 நாள் வரை நீட்டிக்கலாம் என்றது. இரண்டு திருத்தங்களும் 2002 ஜூலை 1 அன்று ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. சாட்சியின் முதன்மை விசாரணையைப் பிரமாண வாக்குமூலமாகத் தருவது, சமரசத்துக்கு அனுப்பும் பிரிவு 89 ஆகியவை அன்றைக்கு வந்தவைதாம். ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கிடையாது என்ற விதியும் அப்போது வந்ததே. அந்த மூன்று வாய்தா விதியை நீதிமன்ற வளாகத்தில் உரக்கப் படித்தால் சிரிப்புத்தான் வரும், அது வேறு விஷயம்.

இந்தத் திருத்தங்களை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு போனவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த அந்த வழக்கின் பெயரைச் சொல்லாமல் இன்று இந்தியாவில் எந்த உரிமையியல் நீதிமன்றத்திலும் காலக்கெடு பற்றி வாதிட முடியாது. 2002 அக்டோபரில் வந்த முதல் தீர்ப்பு திருத்தங்கள் செல்லும் என்று சொல்லி, நடைமுறைச் சிக்கல்களை ஆராய நீதிபதி ஜகந்நாத ராவ் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. குழு அறிக்கை கிடைத்த பிறகு 2005 ஆகஸ்ட் 2 அன்று வந்த இரண்டாவது தீர்ப்புத்தான் உங்கள் அப்பாவின் வழக்குக்குப் பொருந்துவது. 90 நாள் என்பது கட்டாய விதியன்று, வழிகாட்டும் விதி. அதைக் கடந்த பிறகும் ஏற்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. ஆனால் மிகக் கடினமான, விதிவிலக்கான நிலைமைகளில் மட்டுமே அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று அது கூறியது. அதே ஆண்டு ஏப்ரலில் கைலாஷ் எதிர் நன்ஹகு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொல்லியிருந்தது. நடைமுறையில் நாம் எல்லோரும் அந்தத் தீர்ப்பின் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, பின்பாதியை மறந்துவிட்டோம். உங்கள் வழக்கறிஞரின் 'வாங்கிக்கலாங்க' அப்படி வந்ததுதான்.

வணிக வழக்குகளுக்கு 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் தனி ஏற்பாடு செய்தது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் அதே ஆணை 8, விதி 1தான். ஆனால் வணிக வழக்குக்கு அதன் காப்புரை (விதியோடு சேர்ந்த நிபந்தனை) வேறு. 30 நாளுக்குப் பிறகு, காரணத்தை எழுத்தில் பதிவு செய்தும் செலவுத் தொகை விதித்தும் 120ஆம் நாள் வரை ஏற்கலாம். 120 நாள் கடந்துவிட்டால் பிரதிவாதி எதிருரை தாக்கல் செய்யும் உரிமையை இழக்கிறார், நீதிமன்றமும் அதைக் கோப்பில் ஏற்கக் கூடாது என்று அந்தக் காப்புரை வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. இதில் வழிகாட்டு விதி என்று சொல்ல இடமில்லை என்பதை 2019 பிப்ரவரியில் எஸ்.சி.ஜி. கான்ட்ராக்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நீதிமன்றத்துக்குள்ளார்ந்த அதிகாரத்தைச் சொல்லியும் இதைத் தாண்ட முடியாது.

இப்படி ஒரே எண்ணுள்ள விதி இரண்டு வடிவில் இயங்குகிறது என்பதை 2020 ஜனவரியில் தேஷ்ராஜ் எதிர் பால்கிஷன் தீர்ப்பு தெளிவாக்கியது. அதை முழுவதும் படிக்கச் சொல்வேன். அது வணிக வழக்கன்று. வணிக வழக்கல்லாதவற்றில் பழைய 90 நாள் விதியே பொருந்தும், அது வழிகாட்டு விதியே என்று சொன்ன உச்ச நீதிமன்றம், அந்தப் பிரதிவாதி வெறுமனே வாய்தா வாங்கிக்கொண்டிருந்ததைக் கண்டித்தது. 90 நாளுக்கு மேலும் 95 நாள் தாமதமாக வந்த எதிருரையை, முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கையுடன், 25,000 ரூபாய் செலவுத் தொகை விதித்துத்தான் ஏற்றது. உங்கள் அப்பாவின் தாமதம் அவ்வளவு இல்லையென்றாலும், அவரும் 90 நாளைக் கடந்து ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிவிட்டது.

எது வணிக வழக்கு என்பதற்கு இரண்டு அளவுகோல்கள். தகராறு சட்டம் சொல்லும் வணிக வகைகளுள் ஒன்றாக இருக்க வேண்டும். மதிப்பு 3 லட்சம் ரூபாய்க்குக் குறையக் கூடாது. முதலில் ஒரு கோடியாக இருந்த வரம்பு 2018 மே 3 முதல் 3 லட்சமாக இறங்கியதால்தான் திருப்பூர், கரூர், பள்ளிப்பாளையம் என்று நம் பகுதியின் சாதாரணக் கொடுக்கல் வாங்கல்கள்கூட இந்த வலைக்குள் வந்துவிட்டன. அசலை மட்டும் பார்க்காதீர்கள். வழக்குப் போடும் நாள் வரையிலான வட்டியும் சேரும். 2 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய் பாக்கி, வட்டியோடு 3 லட்சத்து 10 ஆயிரமானால் அது வணிக வழக்கே. நில வழக்கு இதில் வர வேண்டுமானால், அந்தச் சொத்து தொழிலுக்கு அல்லது வணிகத்துக்கு மட்டுமே உண்மையில் பயன்பட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று 2019 அக்டோபரில் அம்பாலால் சாராபாய் வழக்கில் தீர்ப்பாயிற்று. பங்காளிகளின் வண்டித்தடம் எந்த விதத்திலும் அதில் வராது.

மைத்துனருக்கு வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். எதிருரை இல்லையென்றாலும் வாதி தன் வழக்கை நிரூபித்தாக வேண்டும். வாதியின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும், வாதியின் ஆவணங்களில் உள்ள ஓட்டைகளைக் காட்டி வாதிடவும் பிரதிவாதிக்கு உரிமை உண்டு. 1988இல் மொடுலா இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. அவரால் செய்ய முடியாதது, தன் தரப்புக் கதையைத் தன் சாட்சிகளைக் கொண்டு நிலைநாட்டுவதுதான்.

பதில்: சோமனூர் நூல் வியாபாரி

நான் வாதி தரப்பில் நின்று எழுதுகிறேன், ஆகவே கேட்டவருக்கு இது கசக்கலாம். 120 நாள் விதி வந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு நீதிமன்றம் என்ற ஒன்று இருப்பதாகவே தோன்றுகிறது. நூலைக் கடனுக்கு எடுத்து, துணியாக்கி விற்று, அந்தப் பணத்தை அடுத்த தொழிலில் போட்டுவிட்டு, எனக்கு மட்டும் 'நூல் சரியில்லை' என்று இரண்டு வருடம் கழித்துச் சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சரக்கு இறங்கிய வாரத்தில் ஒரு வாட்ஸ்அப் செய்திகூட வராது. சம்மன் போன பிறகுதான் குறை தெரியும். கேட்டவருடைய மைத்துனர் அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த விதி யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆனாலும் இந்த வணிக நீதிமன்றங்கள் சட்டம் பிரதிவாதிக்கு மட்டுமே கடுமையானது என்று நினைக்க வேண்டாம். வாதிக்கும் அதில் ஒரு வாசல்படி இருக்கிறது. வணிக வழக்குப் போடுவதற்கு முன் பிரிவு 12அ-வின்படி சமரசத்துக்குப் போயாக வேண்டும். அவசர இடைக்கால நிவாரணம் கேட்கும் வழக்குக்கு மட்டுமே விலக்கு. என்னுடைய வழக்கு ஒன்று, சமரசத்துக்கே போகாமல் நேரே தாக்கல் செய்யப்பட்டதால், எண்ணிடப்படாமலே திரும்பி வந்தது. 2022 ஆகஸ்டில் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில், இந்த முன்சமரசம் கட்டாயம், இல்லாவிட்டால் வழக்குரையை நிராகரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பேருக்கு ஓர் இடைக்காலத் தடை மனுவைச் சேர்த்துப் போட்டால் தப்பித்துவிடலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். அந்தச் சாக்கு உண்மையானதுதானா என்று நீதிமன்றம் பார்க்கலாம் என 2023 அக்டோபரில் யாமினி மனோகர் வழக்கில் சொல்லிவிட்டார்கள்.

நடைமுறை என்னவென்றால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் உரிய படிவத்தில் விண்ணப்பமும் ஆயிரம் ரூபாய் கட்டணமும் கொடுக்க வேண்டும். அவர்கள் எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்புவார்கள். எதிர்த்தரப்பு வரவில்லை, அல்லது வர மறுத்தது என்றால் சமரசம் தொடங்கவில்லை என்று ஓர் அறிக்கை தருவார்கள். அந்த அறிக்கையை வைத்துத்தான் வழக்குப் போட முடியும். சமரசத்துக்கு மூன்று மாதம், இரு தரப்பும் சம்மதித்தால் மேலும் இரண்டு மாதம். அந்தக் காலம் வழக்கின் காலவரம்பில் கணக்கில் சேராது என்பதால், மூன்று வருடம் முடியப்போகிறதே என்று பதற வேண்டியதில்லை.

இன்னொரு பாக்கியில் எதிர்த்தரப்பு வந்து உட்கார்ந்தார். வட்டியில் பாதியை நான் விட்டேன், அசலை அவர் நான்கு தவணையில் தர ஒப்புக்கொண்டார். அங்கே கையெழுத்தாகும் உடன்பாட்டுக்கு நடுவர் தீர்ப்புக்குரிய வலிமை உண்டு, மீறினால் நேரே நிறைவேற்று மனுப் போடலாம். நீதிமன்றக் கட்டணமும் மிச்சம். தமிழ்நாட்டில் 2017க்கு முன் ஏழரை விழுக்காடாக இருந்தது இப்போது மூன்று விழுக்காடு என்றாலும், பதினொரு லட்சத்துக்கு 33,000 ரூபாய் ஆகிறதே. ஆகவே கேட்டவருக்கு என் கேள்வி: மைத்துனருக்கு அந்தச் சமரச அறிவிப்பு வந்திருக்க வேண்டுமே, அப்போதே சாயக் குறையை அங்கே சொல்லியிருக்கலாமே?

நில வழக்குகளுக்கும் 120 நாளோடு கதவைச் சாத்த வேண்டும் என்பதே என் விருப்பம். சேலம் தீர்ப்பு கதவைத் திறந்துவிடாமல் இருந்திருந்தால், 2002லேயே எல்லாம் ஒழுங்காகியிருக்கும்.

பதில்: தாராபுரம், ஓய்வுபெற்ற சிரஸ்தார் (நீதிமன்ற அலுவலகத் தலைமை எழுத்தர்)

மேலே எழுதிய வியாபாரியின் கடைசி வாக்கியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நூல் வியாபாரிக்கு விற்பனைச் சிட்டையும் ஈ-வே பில்லும் கணினியில் இருக்கின்றன. வண்டித்தட வழக்கில் பிரதிவாதியாக நிற்பவர் 1950, 60களின் பத்திரத்தையும், நில உடைமை மேம்பாட்டுப் பதிவுக்கு முந்தைய கணக்கையும், அதில் உள்ள உட்பிரிவு இன்றைக்கு எந்த எண்ணாயிற்று என்பதையும் மூன்று அலுவலகங்களில் தேடி எடுக்க வேண்டும். அவை இல்லாமல் எழுதப்படும் எதிருரை, 'வாதியின் கூற்றுகள் அனைத்தும் மறுக்கப்படுகின்றன' என்ற வெற்று மறுப்பாகத்தான் இருக்கும். குறிப்பாக மறுக்காததை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளலாம் என்று அதே ஆணை 8 சொல்கிறது. அவசரத்தில் எழுதிய எதிருரையால் நிலம் போன வழக்குகளின் கட்டுகளை நான் என் கையாலேயே பதிவறைக்கு அனுப்பியிருக்கிறேன்.

கேட்டவர் உடனே செய்ய வேண்டியது, சம்மன் எப்படிச் சார்வு செய்யப்பட்டது என்று பார்ப்பது. 30, 90, 120 எல்லாமே சம்மன் சார்வு செய்யப்பட்ட நாளிலிருந்துதான் ஓடுகின்றன. வழக்கு எண்ணிடப்பட்ட நாளிலிருந்தோ முதல் வாய்தாவிலிருந்தோ அல்ல. சம்மன் கொண்டுபோகும் நீதிமன்ற ஊழியரான அமீனா திருப்பிக் கொடுத்த சம்மனின் பின்பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கும். யாரிடம் கொடுத்தார், எந்த நாள், யார் கையெழுத்து, கதவில் ஒட்டியிருந்தால் யார் முன்னிலையில் ஒட்டினார் என்றெல்லாம் அதில் எழுதியிருப்பார். அந்தப் பக்கத்துக்குச் சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போடுங்கள். பிரதிவாதி வீட்டில் இல்லாமல், நியாயமான காலத்துக்குள் அவர் கிடைக்க வாய்ப்பும் இல்லாமல், அவர் சார்பில் வாங்க முகவரும் இல்லாதபோதுதான் உடன் வசிக்கும் வயதுவந்த குடும்ப உறுப்பினரிடம் கொடுக்கலாம். வேலைக்காரர் குடும்ப உறுப்பினர் ஆக மாட்டார் என்று விதியே சொல்கிறது. சந்தைக்குப் போனவர் சாயங்காலம் வந்துவிடுவார் என்று தெரிந்தும், முதல் நடையிலேயே கதவில் ஒட்டிவிட்டு வந்தால் அந்தச் சார்வு நிற்காது. சம்மனோடு வழக்குரையின் நகல் இருந்ததா என்பதும் முக்கியம். வெறும் சம்மன் தாளை மட்டும் கொடுத்துவிட்டுப் போன சந்தர்ப்பங்கள் உண்டு.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. தினசரி வழக்குப் பட்டியலில் 'எதிருரைக்காக' என்று எழுதி அடுத்த தேதி போட்டுவிட்டால், நீதிமன்றம் காலத்தை நீட்டித்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அது வெறும் அடுத்த நடவடிக்கைக் குறிப்பு. நீட்டிப்பு என்றால் காரணம் எழுதப்பட்ட உத்தரவு இருக்க வேண்டும். மைத்துனரின் வழக்கில் வாய்தா மேல் வாய்தா கிடைத்ததும், பிறகு திடீரென்று மறுத்ததும் முரணாகத் தோன்றுவது இதனால்தான்.

கேட்டவர்: காங்கயம் வாசகர்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன பிறகு இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்குக்குரிய பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டுப் பார்த்தேன். அப்பாவின் வழக்கில் கடந்த வாய்தாவில் 'முதல் பிரதிவாதி ஒருதலைப்பட்சம்' என்று பதிவாகியிருக்கிறது. அடுத்த தேதி வாதியின் நிரூபண வாக்குமூலத்துக்காகப் போடப்பட்டிருக்கிறது. வழக்கறிஞர் இதை எங்களிடம் சொல்லவில்லை. சம்மனை அப்பாவே நேரில் வாங்கிக் கையெழுத்திட்டிருக்கிறார், வழக்குரை நகலும் இருந்தது. மைத்துனரின் சம்மன் பதிவுத் தபாலில் வந்து, நிறுவனத்தின் காவலாளி கையெழுத்திட்டு வாங்கியிருக்கிறார். சமரச அறிவிப்பும் அதே மேசை இழுப்பறையில் பிரிக்கப்படாமல் கிடந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது. காவலாளி வாங்கியதை வைத்து, 120 நாள் ஓடவே இல்லை என்று வாதிட முடியுமா? சாயக் குறையைத் தனி வழக்காகப் போட முடியுமா?

பதில்: ஈரோடு வழக்கறிஞர்

அப்பாவின் வழக்கு இப்போது அவசரமாகிவிட்டது, அதை முதலில் பாருங்கள். இன்னும் தீர்ப்பாணை வரவில்லை என்பதால், அப்பா தரப்பு இல்லாமலே வழக்கை நடத்தும் ஒருதலைப்பட்ச உத்தரவை நீக்கக் கோரி ஆணை 9, விதி 7இன் கீழ் மனுவும், தாமதத்தைப் பொறுத்து எதிருரையை ஏற்கக் கோரி இன்னொரு மனுவும், எதிருரையும் ஒன்றாக, அடுத்த வாய்தாவுக்கு முன்பே தாக்கலாக வேண்டும். எதிருரை இல்லாமல் மனுவை மட்டும் போட்டுவிட்டு மறுபடி அவகாசம் கேட்டால் எந்த நீதிபதியும் முகம் சுளிப்பார். பிரமாண வாக்குமூலத்தில் 'உடல்நிலை சரியில்லாததால்' என்ற பொதுவான வரி போதாது. மருத்துவமனையில் சேர்த்த நாள், வீடு திரும்பிய நாள், பத்திர நகலுக்கு விண்ணப்பித்த நாள், நகல் கிடைத்த நாள் ஆகியவற்றை அதில் சொல்லி, மருத்துவமனையின் வெளியேற்றச் சுருக்கத்தையும் சார்பதிவாளர் அலுவலக ரசீதையும் இணைக்க வேண்டும். தீர்ப்பாணையே வந்துவிட்டால் ஆணை 9, விதி 13இன் கீழ் போக நேரிடும். அப்பா சம்மனை நேரில் வாங்கியிருப்பதால், தீர்ப்பாணை நாளிலிருந்து 30 நாள்தான் இருக்கும். எதிருரையுடன் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் சான்றிட்ட நகலையும் ஆவணப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். பிறகு சேர்க்க வேண்டுமானால் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்படும்.

மைத்துனர் விஷயத்தில், காவலாளி வாங்கினார் என்ற வாதம் எடுபடுவது கடினம் என்று நினைக்கிறேன். அவருடைய வழக்கறிஞர் வக்காலத்துப் போட்டு, வாய்தாவும் வாங்கியிருக்கிறார். வழக்கில் முன்னிலையான பிறகு சம்மனே வரவில்லை என்று சொன்னால், அதிகபட்சம் முன்னிலையான நாளிலிருந்து நாளை எண்ணச் சொல்லலாம். அப்படி எண்ணினாலும் எதிருரை தாக்கலான நாள் 120க்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் மட்டுமே, அரசியலமைப்பின் 227ஆம் உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றம் போவதில் பொருள் இருக்கும். வணிக நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவுகளை எதிர்த்துச் சீராய்வு மனுப் போடுவதைச் சட்டம் தடுத்திருக்கிறது.

இல்லையென்றால் குறுக்கு விசாரணைக்குத் தயாராகுங்கள். வாதியின் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதற்காக மட்டும் காட்டப்படும் ஆவணங்களுக்கு, அவற்றை எதிருரையோடு முன்பே தாக்கல் செய்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு கிடையாது. ஆகவே சரக்கு வந்த வாரத்தில் மைத்துனர் துணியின் படத்தோடு அனுப்பிய செய்திகள் இருந்தால், அவற்றை வாதியிடமே காட்டி, 'இது உங்களுக்கு வந்ததா?' என்று கேட்கலாம். அவர் ஒப்புக்கொண்டால் நல்லது. மறுத்தால் மின்னணுப் பதிவுக்குரிய சான்றிதழ் தேவைப்படும். புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63 அதை இரண்டு பகுதிகளாகக் கேட்கிறது. ஒன்றில் கைப்பேசியைக் கையாண்டவரும், மற்றொன்றில் வல்லுநரும் கையெழுத்திட வேண்டும். கைப்பேசியை மாற்றவோ அந்த உரையாடலை அழிக்கவோ வேண்டாம் என்று இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

தனி வழக்குப் பற்றிக் கேட்டீர்கள். தரக் குறைவுக்காக இழப்பீடு கோரச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 59 இடம் தருகிறது. தொகை 3 லட்சத்துக்குக் குறையவில்லை என்றால் அதுவும் வணிக வழக்கே, ஆகவே சோமனூர் நண்பர் சொன்ன சமரசப் படி வழியாகத்தான் போக வேண்டும். முதல் வழக்கிலேயே எழுப்பியிருக்க வேண்டிய வாதத்தை இப்போது தனியாகக் கொண்டு வருகிறார் என்ற ஆட்சேபணை நிச்சயம் வரும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 11இன் நான்காம் விளக்கத்தைக் காட்டுவார்கள். அதனால் முதல் வழக்கில் தீர்ப்பு வரும் முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது. சமரச மேசையில் இரண்டு பாக்கிகளையும் சேர்த்துப் பேச அதுவே வாய்ப்பாகவும் அமையலாம். நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கே அப்படிச் சமரசமாக முடிந்தால், துணி வியாபாரி கட்டிய நீதிமன்றக் கட்டணம் முழுவதும் தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் பிரிவு 69அ-வின்படி அவருக்குத் திரும்பக் கிடைக்கும். தரப்பினர் தாமாகவே வெளியில் பேசி முடித்துக்கொண்டாலும் இது பொருந்தும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பேச்சைத் தொடங்கும்போது இதை மைத்துனர் அவருக்கு நினைவூட்டலாம்.